டவுன்ஹால் ரெக்கார்டு கடையின் அமெரிக்கப் படப்பாட்டு அலமாரி: எதை எடுக்கலாம், எதை விடலாம்

கோயம்புத்தூர் டவுன்ஹால் நிறுத்தத்தில் இறங்கி வெரைட்டி ஹால் ரோட்டில் நடந்தால், ஒரு சந்துக்குள் மாடிப்படி ஏறிப் போகும் பழைய ரெக்கார்டு கடை வரும். பலகையில் 'பழைய ரெக்கார்டு, கேசட், ரேடியோ' என்பதைத் தவிர பெயர் எதுவும் இல்லை. தமிழ், இந்தித் தட்டுகளுக்காக வருகிறவர்கள்தான் அதிகம். இங்கே எழுதுவது உள்ளறையில் இருக்கும் ஒரே ஓர் அலமாரியைப் பற்றி: அமெரிக்கப் படங்களின் பாட்டும் பின்னணி இசையும் கொண்ட எல்பிகள் (நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் வினைல் தட்டுகள்), ஒரு பெட்டி 78 சுற்றுத் தட்டுகள் (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டுகள்), ஒரு பெட்டி கேசட். எல்லாம் சேர்த்து இருநூறுக்குச் சற்று மேல். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் தொடங்கிய வெரைட்டி ஹால் தியேட்டரால் பெயர் பெற்ற ரோட்டில் இப்படி ஓர் அலமாரி இருப்பது பொருத்தம்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தட்டுகளின் நிலை பெரும்பாலும் நன்று. படங்கள் வருட வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. தேடுகிறவருக்கு இது பெரிய உபகாரம். ஆனால் விலை, படம் நம் ஊரில் எவ்வளவு பிரபலம் என்பதைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. தட்டுக்குள் என்ன பதிந்திருக்கிறது என்று பார்த்துப் போடப்படவில்லை. 1,800 ரூபாய்த் தட்டில் நீங்கள் தேடிய பாட்டு அரைகுறையாக இருக்கும். 700 ரூபாய்த் தட்டில் அந்தக் காலத்தின் ஆகச்சிறந்த இசை இருக்கும்.

இது கடைக்காரரின் தவறு மட்டும் அல்ல. நமக்குப் பழகிய முறை வேறு. தமிழ்ப் படத்தில் தயாரிப்பாளர் மொத்தப் பாட்டையும் ஒரு கம்பெனிக்குக் கொடுப்பார். அதுவே தட்டாக வரும். 78 சுற்றுக் காலத்தில் நீளம் போதாமல் ஒரு சரணம் வெட்டுப்பட்டிருக்கலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு பாட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். மெட்டும் வரிகளும் இசைப் பதிப்பாளருடையவை. பாடிப் பதிந்த ஒலிப்பதிவு ரெக்கார்டு கம்பெனியுடையது. படத்தில் சேர்க்க இருவரிடமும் அனுமதி வாங்க வேண்டும். அதையே படத்தின் பெயரில் தட்டாகப் போட மறுபடியும் தனியாக வாங்க வேண்டும். பின்னாளில் வீடியோவாக விற்கும்போதும் பழைய ஒப்பந்தம் போதாமல் போகும். சார்ல்ஸ் பர்னெட் எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்' 1978இலேயே முடிந்த படம்; அதில் வரும் பாட்டுகளுக்கு உரிமை வாங்கப் பணம் இல்லாததால் 2007 வரை முறையாகத் திரைக்கு வரவே முடியவில்லை. உரிமை எங்கே அறுந்தாலும் பாட்டு தட்டிலிருந்து விழுந்துவிடும், அல்லது வேறு யாரையாவது பாட வைத்து ஒட்டுப்போடுவார்கள்.

அந்த ஒட்டுக்குச் சரியான உதாரணம் அலமாரியிலேயே இருக்கிறது. 1969இல் வந்த 'ஈஸி ரைடர்' படத்துக்குத் தனியாக இசையமைக்காமல், அப்போது வெளியாகியிருந்த ராக் பாட்டுகளையே அடுக்கினார்கள். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் போகும் காட்சியில் 'தி வெயிட்' பாட்டை 'தி பேண்ட்' குழு பாடுவது கேட்கும். தட்டிலோ அதே பாட்டை 'ஸ்மித்' என்ற வேறொரு குழு பாடுகிறது. கம்பெனிகளுக்குள் உடன்பாடு ஏற்படாததே காரணம். உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறது, பார்க்காமல் எடுத்துவிட்டு வீட்டில் போய் ஏமாறாதீர்கள். மீதிப் பாட்டுகள் படத்தில் வந்தவையே. கடையில் இருக்கும் பிரதியில் கீறல் குறைவு, 1,400 ரூபாய். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் என்றால் விட்டுவிடுங்கள், மற்றபடி வாங்கலாம்.

'தி கிராஜுவேட்' தட்டைத்தான் பலர் கேட்டு வாங்குகிறார்கள். இயக்குநர் மைக் நிக்கல்ஸ் எடிட்டிங் நேரத்தில் தற்காலிகமாக சைமன்–கார்ஃபங்கல் இருவரின் பழைய பாட்டுகளை ஓட்டிப் பார்த்தார். அவையே படத்தில் நிலைத்துவிட்டன. படம் 1967. அடுத்த வருடம் வந்த தட்டில் 'மிஸஸ் ராபின்சன்' பாட்டின் இரண்டு சின்னத் துண்டுகள்தான் உண்டு. இடையிடையே டேவ் குரூசின் அமைத்த விருந்து, நடன இசைத் துண்டுகள். எல்லோருக்கும் தெரிந்த முழுப் பாட்டு அந்த இருவரின் 1968 தொகுப்பான 'புக்எண்ட்ஸ்' தட்டில் இருக்கிறது. கடையில் படத்தட்டு 1,800, 'புக்எண்ட்ஸ்' ராக் அடுக்கில் 1,200. பாட்டு வேண்டும் என்றால் எதை எடுப்பது என்பதில் சந்தேகமே இல்லை.

ஆட்ரி ஹெப்பர்ன் ஜன்னலில் உட்கார்ந்து கிட்டாரோடு பாடும் 'மூன் ரிவர்' கதை இன்னும் கொஞ்சம் சங்கடம். 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' படத்தின் 1961 தட்டில் அந்தக் குரல் இல்லை. ஹென்றி மான்சினி படத்துக்கு வாசித்ததை அப்படியே தட்டில் போடும் வழக்கம் உள்ளவர் அல்ல. வீட்டில் உட்கார்ந்து கேட்கத் தோதாக மெட்டுகளை மறுபடி வாசித்துப் பதிவார். பாட்டைத் தட்டில் குழுப்பாடகர்கள் பாடுகிறார்கள். ஹெப்பர்ன் பாடியது அவர் 1993 ஜனவரியில் இறந்த பிறகுதான் தட்டாக வந்தது. மான்சினியின் மறுபதிவு ஒலி அளவில் அருமையானது. பித்தளை வாத்தியங்களும் ஹார்மோனிகாவும் தனித்தனியாகக் கேட்கும். அதற்காக வாங்குங்கள், அந்தக் குரலுக்காக வாங்காதீர்கள். உறையில் ஹெப்பர்ன் படம் இருப்பதால் 2,200 கேட்கிறார்கள். 1,500 சரியான விலை.

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' விஷயம் இசை தெரிந்தவர்களையே குழப்பும். ஸ்டான்லி குப்ரிக், அலெக்ஸ் நார்த் எழுதிய புது இசையைத் தள்ளிவிட்டுப் பழைய செவ்வியல் பதிவுகளையே படத்தில் வைத்தார். தொடக்கத்தில் வரும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இசை, கராயன் நடத்த வியன்னா ஃபில்ஹார்மோனிக் வாசித்தது. டெக்கா கம்பெனி, பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. 1968இல் எம்ஜிஎம் போட்ட தட்டில் அதே இசையை கார்ல் போம் நடத்த பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வாசிக்கிறது. இரண்டும் பெரிய வாசிப்புகள். ஆனால் தியேட்டரில் கேட்டது வேண்டும் என்றால் டெக்காவின் கராயன் தட்டைத் தேட வேண்டும். அது இந்தக் கடையில் இல்லை.

மறுபதிவு என்றாலே மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. 'ஷாஃப்ட்' படத்துக்கு ஐசக் ஹேய்ஸ் 1971இல் ஹாலிவுட்டில் இசை பதிந்தார். தட்டுக்காக மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் கூடத்தில் முழுவதையும் மறுபடி வாசித்தார். இரட்டைத் தட்டு. படத்தில் காட்சிக்கு அளவாக நறுக்கப்பட்ட துண்டுகள் இங்கே மூச்சு விட்டு விரிகின்றன. ஒரு பாட்டு மட்டும் 19 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. தலைப்புப் பாட்டுக்கு 1972இல் ஆஸ்கார் கிடைத்தது. சிறந்த பாட்டுக்கான ஆஸ்காரை வென்ற முதல் கறுப்பினத்தவர் ஹேய்ஸ். இந்தத் தட்டு 900 ரூபாய்க்கு, அதற்குப் பக்கத்திலேயே கர்டிஸ் மேஃபீல்டின் 'சூப்பர் ஃப்ளை' 700 ரூபாய்க்கு இருக்கின்றன. நம் பக்கம் இந்தப் படங்களைப் பார்த்தவர்கள் குறைவு என்பதுதான் இந்த விலைக்குக் காரணம். மேஃபீல்டின் தட்டில் ஒரு தனிச்சிறப்பு உண்டு: போதைப்பொருள் விற்பவனைப் படம் மிடுக்காகக் காட்டும், பாட்டு வரிகள் அந்த மிடுக்கை எதிர்த்து எச்சரிக்கும். பாட்டு படத்தோடு வாதாடுவதை இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் கேட்பது அரிது. மொத்த அலமாரியிலும் முதலில் கை வைக்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

இனி அலமாரியின் தொடக்கத்துக்கு வரலாம். கீழ்த்தட்டில் இருக்கும் 78 சுற்றுப் பெட்டியைப் பலரும் குனிந்து பார்ப்பதில்லை. பேசும்படம் பிறந்ததே தட்டில்தான் என்பதால் அதைப் பார்க்காமல் போகக் கூடாது. வார்னர் கம்பெனி 1926இல் 'டான் ஜுவான்', 1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' படங்களை வெளியிட்டபோது ஒலி ஃபிலிமில் இல்லை. 'வைட்டாஃபோன்' என்ற முறையில், ப்ரொஜெக்டரோடு இணைந்து சுழலும் 16 அங்குலத் தட்டில் இருந்தது. ஒரு ரீல் சுமார் 11 நிமிடம் ஓடும். அந்த நேரத்துக்கு ஒரே பக்கம் போதுமாக இருக்க வேண்டும் என்றுதான் வேகத்தை 33⅓ சுற்றாகக் குறைத்தார்கள். 1948இல் கொலம்பியா கம்பெனி கொண்டுவந்த எல்பியும் அதே வேகத்தில்தான் சுற்றியது. வீட்டில் நாம் சுற்றவிடும் வேகம் சினிமாக் கொட்டகைக்காகப் பிறந்தது. வைட்டாஃபோன் தட்டில் ஊசி உள்ளிருந்து வெளியே நகரும். உள்வட்டத்தில் தடம் மெதுவாக ஓடுவதால் ஒலி அங்கேதான் மங்கும். புது எஃகு ஊசி கூர் மழுங்குவதற்குள் அந்த இடத்தைக் கடந்துவிடட்டும் என்ற யோசனை. ஊசி ஒரு தடம் தாவினால் போச்சு, ரீல் முடியும் வரை உதடு ஒருபக்கம், பேச்சு ஒருபக்கம். ஃபிலிமிலேயே ஒலி பதியும் முறை வென்றதற்கு இது முக்கியமான காரணம்.

வைட்டாஃபோன் தட்டு எதுவும் கடையில் இல்லை. இருப்பவை வீட்டுக்கான 10 அங்குல அரக்குத் தட்டுகள். லேபிளில் படத்தின் பெயர் பார்த்தவுடன் எடுத்துவிடாதீர்கள். யார் பாடியது என்று பாருங்கள். 1928இல் 'ரமோனா' படத்துக்காக எழுதிய பாட்டைப் பல பாடகர்களும் நடனக் குழுக்களும் போட்டி போட்டுப் பதிந்தார்கள். படத்தின் பெயர் இருக்கும், படத்தோடு தொடர்பு பெரும்பாலானவற்றுக்கு இருக்காது. படத்தில் ஒலித்ததையே தட்டாக விற்றது 1938இல் விக்டர் கம்பெனி வெளியிட்ட 'ஸ்னோ ஒயிட்' பாட்டுத் தொகுப்பு, மூன்று தட்டுகள். பேசும்படம் வந்து பத்து வருடம் கழித்துத்தான் அது நடந்தது.

'காசபிளாங்கா' என்று பென்சிலில் எழுதிய காகித உறையில் ஒரு தட்டு இருக்கிறது. அந்தப் படத்தின் 'ஆஸ் டைம் கோஸ் பை' பாட்டு படத்துக்காக எழுதியது அல்ல. ஹெர்மன் ஹப்ஃபெல்ட் 1931இல் ஒரு மேடை நாடகத்துக்கு எழுதியது. 1942 ஆகஸ்ட் முதல் அமெரிக்க இசைக் கலைஞர்கள் ரெக்கார்டிங் வேலைநிறுத்தத்தில் இருந்ததால், படம் ஓடும்போது டூலி வில்சன் பாடியதைப் புதிதாகப் பதிந்து விற்க வழி இல்லை. 1931இல் ரூடி வல்லி பாடிய பழைய பதிவை விக்டர் மறுபடி வெளியிட்டது; அது அமோகமாக விற்றது. ஆகவே உறையில் பென்சில் எழுத்து என்ன சொன்னாலும் லேபிளைப் படியுங்கள். கடைத்தட்டில் இருப்பது பிற்காலத்து வாத்தியக் குழு ஒன்றின் வாசிப்பு. 300 ரூபாய் என்றாலும் வேண்டாம்.

ஐம்பதுகள் அடுக்கை வேகமாகக் கடக்கலாம். 1952இல் 'ஹை நூன்' படத்தில் டெக்ஸ் ரிட்டர் பாடினார், ஃபிராங்கி லெய்ன் பாடிய தட்டு அதைவிட அதிகம் விற்றது. பாட்டை முன்னதாக விட்டால் படத்துக்கு விளம்பரம் என்பதைத் தயாரிப்பாளர்கள் கண்டுகொண்டார்கள். பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் தி க்ளாக்' 1954இல் வந்தபோது சுமாராகத்தான் போனது. 1955இல் 'பிளாக்போர்டு ஜங்கிள்' படத்தின் பெயர் ஓடும்போது ஒலித்த பிறகு முதலிடத்துக்கு ஏறியது. எல்விஸ் படத் தட்டுகள் ஆறோ ஏழோ இருக்கின்றன. 'ப்ளூ ஹவாய்' ஒன்று போதும். அறுபதுகளின் நடுவில் வந்தவை பாட்டு எண்ணிக்கையை நிரப்பப் போட்டவை.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இரண்டும் மேடை நாடகத்திலிருந்து வந்த படங்கள். முந்தையது அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் ஸ்டீரியோ தட்டுப் பட்டியலில் 54 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் நடாலி வுட் பாட்டுகளைப் பாடியவர் மார்னி நிக்சன். 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் அவரே. பின்னணிப் பாடகியின் பெயரைச் சொல்லித் தட்டு விற்ற ஊர் நமது. ஹாலிவுட்டில் நடிகையே பாடினார் என்று நம்ப வைப்பதற்காக அந்தப் பெயரை மறைத்தார்கள். 1965இன் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் நிக்சன் கன்னிகாஸ்திரீகளில் ஒருவராகத் திரையிலேயே வருவார். அதில் கிறிஸ்டஃபர் பிளம்மருக்குப் பாடியவர் பில் லீ. இந்தத் தட்டு கடையில் நாலு பிரதி உண்டு. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு ஓட்டி ஓட்டித் தேய்ந்தவை இரண்டு. வாங்கும்போது ஜூலி ஆண்ட்ரூஸ் உச்சஸ்தாயியில் நீட்டிப் பாடும் இடத்தை ஓட்டிக் கேளுங்கள். குரல் பிசிறடித்தால் தடம் தேய்ந்தது. எந்தக் கழுவலும் அதைச் சரிசெய்யாது.

பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' படத்துக்கு யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பணம் போட்டதே தட்டின் உரிமை கிடைக்கும் என்பதற்காக. அந்தக் கம்பெனி அமெரிக்காவில் விட்ட தட்டில் அவர்கள் பாடியது எட்டுப் பாட்டு, மீதி நாலு ஜார்ஜ் மார்ட்டினின் வாத்திய இசை. பிரிட்டிஷ் தட்டில் பதின்மூன்றும் பாட்டு. கடையில் இரண்டும் ஒரே விலை.

இரட்டைத் தட்டுகளில் 'அமெரிக்கன் கிராஃபிட்டி' உறுதியாக வாங்க வேண்டியது. 1962இன் ஓர் இரவில் நடக்கும் கதையை 1973இல் ஜார்ஜ் லூகாஸ், ரேடியோவிலும் கார்களிலும் ஒலிக்கும் பழைய பாட்டுகளாலேயே நகர்த்தினார். தட்டில் 41 பாட்டு. அந்தக் காலத்துக் கதையில் எல்விஸ் ஏன் இல்லை என்றால், எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே மாதிரித் தொகை என்ற பேச்சுக்கு எல்விஸின் கம்பெனியான ஆர்சிஏ ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்துக்குப் பத்துப் பாட்டு என்பதால் ஒலி சற்றுத் தாழ்வாகப் பதிந்திருக்கும். ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

'சாட்டர்டே நைட் ஃபீவர்' 1977இல் வந்து, 1978இல் தொடர்ந்து 24 வாரம் முதலிடத்தில் இருந்த தொகுப்பு. பீ ஜீஸ் சகோதரர்களின் புதுப் பாட்டுகள் பிரான்சில் ஒரு பழைய மாளிகைக் கூடத்தில் உருவானவை. படப்பிடிப்பில் ஜான் ட்ரவோல்டா ஆடியது வேறு பாட்டுகளுக்கு, இவை பின்னால் பொருத்தப்பட்டவை. கடையில் ஐந்து பிரதி. எல்லாவற்றிலும் முதல் பக்கம் கல்யாண வீட்டு மைக்செட்டில் அடிபட்டது போலத் தேய்ந்திருக்கிறது, நாலாம் பக்கம் புதிது போல் மின்னுகிறது. கடைக்காரர் மின்னும் பக்கத்தைத்தான் வெளிச்சத்தில் காட்டுவார். முதல் பக்கத்தை ஓட்டச் சொல்லுங்கள்.

இந்த வகைத் தொகுப்பு சிலவற்றில் ஒரு தட்டின் இரு பக்கங்கள் 1, 4 என்றும், அடுத்தது 2, 3 என்றும் இருக்கும். தட்டு மாறிப்போய்விட்டது என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். தானாகத் தட்டு மாற்றும் இயந்திரத்துக்காக அப்படி அச்சடித்தார்கள். உறையின் மூலை வெட்டியிருந்தாலோ துளையிட்டிருந்தாலோ, விற்காத சரக்கைக் கம்பெனியே தள்ளுபடியில் தள்ளிவிட்டதன் அடையாளம். தட்டுக்குக் குறை இல்லை, ஆனால் 100, 200 குறைத்துக் கேட்க அது நியாயமான காரணம்.

கேசட் பெட்டியில் 'தி பாடிகார்ட்' மட்டும் எட்டு இருக்கிறது. விட்னி ஹூஸ்டன் பாடிய ஆறு பாட்டும் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதன் பெரிய பாட்டான 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' டாலி பார்ட்டன் 1974இல் வெளியிட்டது. வாங்குமுன் நாடா ஜன்னலுக்குக் கீழே உள்ள சின்னப் பஞ்சுத் திண்டு உதிர்ந்திருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் நாடா ஹெட்டில் ஒட்டாமல் ஒலி மங்கும். வேறு உதவாக்கரை கேசட்டிலிருந்து அந்தத் திண்டை மாற்றிக்கொள்ளலாம், திருகாணி உள்ள கேசட்டாக இருந்தால்.

தட்டின் நிலையைக் கடைக்காரர் 'ஏ', 'பி' என்று ஒட்டி வைத்திருக்கிறார். அவருடைய 'ஏ' நம் கணக்கில் 'பி' தான். கையில் எடுத்ததும் டியூப்லைட்டின் கீழ் சாய்த்துப் பாருங்கள். நகத்தால் வருடினால் தட்டுப்படாத மெல்லிய கீறல் பெரும்பாலும் ஒலிக்காது. தட்டுப்படும் கீறல் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று கேட்கும். 33⅓ வேகத்தில் அது 1.8 விநாடிக்கு ஒருமுறை. அடுத்து தட்டைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்து வளைவு பாருங்கள். ஜன்னலுக்கு எதிரே அலமாரி இருப்பதால் மேல் அடுக்கில் மாலை வெயில் படுகிறது. அங்கிருந்து எடுத்தவற்றில் கோணல் அதிகம். இதைக் கடையின் பெரிய குறையாகச் சொல்ல வேண்டும், ஒரு திரை போட்டால் தீர்ந்துவிடும். பக்கத்தின் கடைசிப் பாட்டையும் ஓட்டிக் கேளுங்கள். வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் தடம் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, லேபிளுக்கு அருகில் 21 தான். தேய்மானம் முதலில் தெரிவது அங்கே.

'ஸ்டீரியோ' என்று பெரிதாகப் போட்டதற்குக் கூடுதல் விலை கொடுக்கும்போது சின்ன எழுத்தையும் படியுங்கள். மோனோ பதிவை, அதாவது ஒரே ஒலிப்பாதையில் பதிந்ததை எடுத்து, ஒரு பக்கம் கனத்த ஒலியும் மறுபக்கம் மெல்லிய ஒலியும் போகும்படி பிரித்துச் செய்த போலி ஸ்டீரியோ உண்டு. 'எலெக்ட்ரானிக் முறையில் ஸ்டீரியோவாக்கியது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டிருக்கும். முப்பது, நாற்பதுகளின் படப்பாட்டுத் தொகுப்புகளில் இது மிக அதிகம். குரல் குகைக்குள் பேசுவது போல் இருக்கும். கடையில் இவற்றைத் தனியாகக் குறித்து வைக்கவில்லை, வைக்க வேண்டும்.

ஓட்டிக் காட்டுவதில் கடைக்காரருக்குத் தயக்கமே இல்லை. "கேட்டுப்போட்டு எடுத்துக்கோங்க, அவசரமில்லீங்" என்பார். ஒரு தட்டுக்குக் கால் மணி நேரம் கூடப் பொறுப்பார். ஆனால் 78 தட்டையும் எல்பி ஊசியிலேயே வைக்கிறார். எல்பி ஊசிமுனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு; 78 தடத்துக்கு மூன்று பங்கு வேண்டும். சின்ன முனை தடத்தின் அடியில் உருண்டு அழுக்கை வாசிக்கும், கரகரப்பு கூடும். அங்கே இரைச்சலாகக் கேட்ட 78 தட்டு சரியான ஊசியில் நன்றாகவே பாடலாம். அதை மனதில் வைத்து விலை பேசுங்கள்.

கழுவித் தரும் வேலையும் உண்டு, தட்டுக்கு 50 ரூபாய். எல்பிக்கு நியாயமான விலை. வீட்டில் செய்வதானால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். போர் தண்ணீரில் கழுவினால் உப்பு தடத்துக்குள் காய்ந்து நிரந்தரப் பொரிச்சத்தமாகிவிடும். சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் கடைசி அலசல் டிஸ்டில்டு தண்ணீரில்தான் இருக்க வேண்டும். பனியன் வேஸ்ட் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று திருப்பூர்க்காரர்கள் அதில் துடைக்காதீர்கள், நூல் பிசிறு தடத்தில் தங்கும். கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி, தடத்தின் போக்கிலேயே வட்டமாக. ஸ்பிரிட் கலந்த எந்தத் திரவமும் 78 அரக்குத் தட்டில் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். கடையில் ஒரே பாட்டில் கரைசலை இரண்டுக்கும் வைத்திருக்கிறார்கள். 78 தட்டைக் கழுவக் கொடுக்காதீர்கள்.

தட்டை பென் டிரைவில் ஏற்றித் தரும் சேவைக்குப் பக்கத்துக்கு 100 ரூபாய். கேட்காமல் விட்டால் கம்ப்யூட்டரில் இரைச்சல் நீக்கி, எம்பி3 ஆக்கித் தருவார்கள். அந்த நீக்கலில் தட்டின் கரகரப்போடு வயலின் நரம்பின் உரசலும், பாடகர் மூச்சிழுப்பதும் சேர்ந்தே போய்விடுகின்றன. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக, எதுவும் திருத்தாமல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். அதே விலைக்குத் தருகிறார்கள். ஒரு பக்கம் 25 நிமிடம் என்றால் கோப்பு 850 எம்பிக்கு மேல் வரும், காலியிடம் உள்ள டிரைவாக எடுத்துப் போங்கள்.

வாசலருகே விற்பனைக்கு வைத்திருக்கும் அமெரிக்க டர்ன்டேபிள்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. 110 வோல்ட் இயந்திரத்துக்கு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் சேர்த்துக் கொடுத்து, சரியாகிவிட்டது என்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. கரண்டின் அலைவெண்ணைப் பிடித்து ஓடும் சிங்க்ரனஸ் மோட்டார் என்றால் தட்டு 33⅓க்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும். பாட்டு மூன்று அரைச்சுவரம் இறங்கி, பாடுகிறவர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல் இருக்கும். பெல்ட் ஓட்டும் மாடலாக இருந்தால் வழி உண்டு: மோட்டார் புல்லியின் விட்டத்தை 1.2 மடங்காக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் புல்லி என்றால் 12. மோட்டாரும் பம்பும் செய்கிற ஊரில் இதற்கு அலைய வேண்டியதில்லை, எந்த நல்ல லேத் பட்டறையிலும் பித்தளையில் கடைந்து தருவார்கள். துளை மையம் பிசகினால் பாட்டு நடுங்கும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள். டிசி மோட்டார் உள்ள மாடலுக்கு இந்தத் தொல்லை இல்லை. பின்பக்கத் தகட்டில் '60 ஹெர்ட்ஸ் மட்டும்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கடை காலை 11 முதல் இரவு 8 வரை, ஞாயிறு மதியத்தோடு மூடிவிடுவார்கள். ஜிபே உண்டு. வண்டி நிறுத்த இடம் கிடையாது, ஒப்பணக்கார வீதி நெரிசலைக் கேட்கவே வேண்டாம். பஸ்ஸில் வருவதே நல்லது. ஈரோடு, பொள்ளாச்சி திரும்புகிறவர்கள் தட்டைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, இரண்டு அட்டைக்கு நடுவே கட்டி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பக்கத்துச் சூட்டிலோ, சித்திரை வெயிலில் மூடிய காரிலோ வைத்தால் 60 டிகிரியை நெருங்கும்போது வினைல் இளகத் தொடங்கிவிடும். அட்டையைக் கடைக்காரரிடம் கேட்டால் காசில்லாமல் கொடுப்பார்.